வெள்ளொளியும் குற்றாலத்து வானவில்லும்

வெள்ளொளி என்பது கண்ணுக்குப் புலப்படும் எல்லா அலைநீளங்களும் கலந்த ஒளி. இதன் முதன்மையான எடுத்துக்காட்டு பகல் நேரச் சூரிய ஒளி. ஊதா முதல் சிவப்பு வரை, அதாவது ஏறத்தாழ 380 நானோமீட்டர் முதல் 750 நானோமீட்டர் வரையிலான அலைகள் ஒருசேரக் கண்ணை அடையும்போது மூளை அதை வெண்மையாக உணர்கிறது. எனவே வெண்மை என்று தனியாக ஓர் அலைநீளம் கிடையாது. பல நிறங்கள் சேர்ந்து வரும்போது கண் காணும் தோற்றத்துக்கே அப்பெயர்.

வெள்ளொளியின் இந்தக் கலவைத் தன்மையை வெறுங்கண்ணால் பார்க்க நல்ல இடங்களுள் ஒன்று திருநெல்வேலிச் சீமையின் குற்றாலம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனபின் குற்றாலம் அதில் அடங்கிவிட்டது. ஆயினும் நீர்வழியில் அது தாமிரபரணிப் படுகையைச் சேர்ந்ததே. குற்றாலத்து அருவிகளில் விழும் சிற்றாறு தென்காசி வழியாக ஓடிச் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது.

ஒரே நீர், இரு தோற்றம்

சாரல் காலத்தில் குற்றாலம் பேரருவியின் எதிரே காலை வெயிலில் நிற்பவர் இரண்டு காட்சிகளை ஒன்றாகக் காணலாம். பாறையில் மோதி விழும் நீர் பால் போல வெளுத்திருக்கும். அதிலிருந்து தெறித்துக் காற்றில் மிதக்கும் நீர்த்திவலையில் வானவில் நிற்கும். நீர் ஒன்று, மேலே விழும் வெயிலும் ஒன்று. அப்படியிருக்க ஓரிடத்தில் வெள்ளையும் மற்றோரிடத்தில் பல நிறங்களும் ஏன் தெரிகின்றன என்ற கேள்விக்கு விடை கிடைத்தால் வெள்ளொளியின் இயல்பு பெரும்பாலும் விளங்கிவிடும்.

முதலில் நுரை. தூய நீருக்கு, சிறிய அளவில், நிறம் இல்லை. ஆனால் நீரும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் நேராக விழும் ஒளியில் சுமார் 2 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. சிவப்பானாலும் நீலமானாலும் இந்த அளவு ஏறக்குறைய ஒன்றுதான். அருவி நீரில் கோடிக்கணக்கான காற்றுக்குமிழிகள் அடைபட்டிருக்கின்றன. ஒரு குமிழியைத் தாண்டிய ஒளி அடுத்ததில் படும், அங்கிருந்து இன்னொன்றுக்குப் போகும். இப்படிப் பல ஆயிரம் பரப்புகளில் பட்டுப் பட்டு, உள்ளே சென்ற ஒளியின் பெரும்பகுதி வெளியே திரும்பிவிடுகிறது. எந்த நிறமும் வழியில் தங்கவில்லை, எந்த நிறமும் தனித் திசையில் செல்லவும் இல்லை. வந்த கலவை அப்படியே திரும்புவதால் நுரை வெள்ளையாகத் தெரிகிறது.

ஆற்றின் மறுமுனையிலும் இதே செய்தியைக் காணலாம். தாமிரபரணி புன்னைக்காயலில் கடலோடு சேர்கிறது. அதற்கு வடக்கே தூத்துக்குடி உப்பளங்களில் குவித்த உப்பு கண்கூசும் வெள்ளையாக இருக்கும். அதிலிருந்து ஒரு பெரிய கல் உப்பை எடுத்து வெயிலில் பிடித்தால் அது ஏறக்குறைய கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். வெண்மை உப்பின் நிறம் அல்ல, குவியலில் உள்ள எண்ணற்ற முகங்கள் ஒளியைக் கலைத்துத் திருப்புவதன் விளைவு. உடைந்து நொறுங்கிய கண்ணாடியும் மேகமும் வெளுப்பாக இருப்பதும் இப்படித்தான்.

துளிக்குள் நடப்பது

வானவில்லில் நடப்பது வேறு. அங்கு ஒளி ஒழுங்கான வடிவமுள்ள ஒரு பொருளைச் சந்திக்கிறது. சிறு மழைத்துளி கிட்டத்தட்ட உருண்டையானது. (படங்களில் வரைவதுபோல வால் வைத்த துளி வானத்தில் இல்லை.) சூரிய ஒளி துளிக்குள் நுழையும்போது சற்று வளைகிறது. இதற்கு ஒளிவிலகல் என்று பெயர். பின்புறச் சுவரில் பட்டு ஒரு பகுதி எதிரொளிக்கிறது, பிறகு முன்பக்கமாக வெளியேறும்போது மறுபடியும் வளைகிறது.

நீருக்குள் ஒளியின் வேகம் வெற்றிடத்தில் உள்ளதைப்போல முக்கால் பங்கே. அதிலும் எல்லா நிறங்களுக்கும் ஒரே வேகம் இல்லை. ஊதா சற்றுக் கூடுதலாகத் தடைபடுகிறது. சிவப்புக்கு நீரின் விலகல் எண் 1.331, ஊதாவுக்கு 1.343 என்ற அளவில் இருக்கும். நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத இந்த வேறுபாடுதான் வானவில்லின் முழு முதல். இவ்வாறு நிறங்கள் வெவ்வேறு அளவில் வளைந்து பிரிவது நிறப்பிரிகை எனப்படுகிறது.

துளியின் வெவ்வேறு இடங்களில் நுழையும் கதிர்கள் வெவ்வேறு திசைகளில் வெளியேறும். ஆனால் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் அவை நெருங்கிக் குவிகின்றன. சூரியனுக்கு நேர் எதிரான புள்ளியிலிருந்து அளந்தால் சிவப்புக்கு அது ஏறத்தாழ 42 பாகை, ஊதாவுக்கு 40 பாகையை ஒட்டியது. பார்ப்பவரின் தலைநிழல் விழும் திசையே அந்த எதிர்ப்புள்ளி. அதைச் சுற்றி 42 பாகையில் உள்ள எல்லாத் துளிகளும் சிவப்பைக் கண்ணுக்கு அனுப்புகின்றன. அதனால்தான் வில் வட்டத்தின் பகுதியாக இருக்கிறது, சிவப்பு வெளிப்புறம் அமைகிறது.

பள்ளிப் பாடப் படங்கள் பலவற்றில் ஒரே துளியிலிருந்து ஏழு நிறங்களும் ஒரே கண்ணுக்கு வருவதுபோல வரைந்திருப்பார்கள். துளியிலிருந்து எல்லா நிறங்களும் புறப்படுவது உண்மை. ஆனால் ஒரு நொடியில் ஒருவரின் கண்ணை அடைவது அவற்றுள் ஒன்றே. விழுந்துகொண்டிருக்கும் துளி 42 பாகை உயரத்தைக் கடக்கையில் சிவப்பாகத் தெரிந்து, இறங்க இறங்க மஞ்சள், பச்சை, நீலம் என்று மாறி, பிறகு வில்லை விட்டுப் போய்விடும். அதன் இடத்துக்கு அடுத்த துளி வந்துவிடுவதால் வில் அசையாமல் நிற்பதுபோல் தோன்றுகிறது. அருகருகே நிற்கும் இருவர் பார்ப்பது ஒரே வானவில்லும் அல்ல. அவரவர் கண்ணுக்கு வேறு வேறு துளிகள் ஒளியைத் தருகின்றன. அருவித் திவலை மிக அருகில் இருப்பதால் இதைக் குற்றாலத்தில் நடந்தே உணரலாம். நாலடி நகர்ந்தால் வில்லும் கூடவே நகரும்.

சில சமயம் முதல் வில்லுக்கு மேலே மங்கலாக இரண்டாவது வில்லும் தெரியும். துளிக்குள் இருமுறை எதிரொளித்த ஒளியால் ஆனது அது. சுமார் 51 பாகையில் தொடங்கும் இதில் நிறங்களின் வரிசை தலைகீழாக இருக்கும். இரண்டு வில்களுக்கும் இடையிலுள்ள வானம் சற்று இருண்டிருப்பதையும் கவனிக்கலாம். முதல் வில்லின் உட்புறமோ வெளுத்திருக்கும். அங்கே எல்லா நிறக் கதிர்களும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து மீண்டும் வெள்ளொளியாகிவிடுகின்றன. வானவில்லைப் பார்ப்போர் பலரும் நிறங்களில் மனம் வைப்பதால் உள்ளே இருக்கும் இந்த வெண்மை கண்ணில் படாமலே போகிறது. வெள்ளொளி நிறங்களின் கலவை என்பதற்கு வில்லே தன்னுள் வைத்திருக்கும் சான்று அது.

சாரலின் வில், ஐப்பசியின் வில்

42 பாகை என்னும் எண் வானவில் தோன்றும் நேரத்தையும் வரையறுத்துவிடுகிறது. சூரியன் 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் வில்லின் உச்சி அடிவானத்துக்குக் கீழே போய்விடும், சமவெளியில் நிற்பவருக்கு வானத்தில் வில் தெரியாது. திருநெல்வேலி 8.7 பாகை வட அகலாங்கில் இருப்பதால் மார்கழியின் தாழ்ந்த உச்சி வெயிலிலும் சூரியன் 58 பாகை உயரத்தில் நிற்கும். ஆகவே இந்தப் பள்ளத்தாக்கில் ஆண்டின் எந்த நாளிலும் நண்பகலில் வானில் வானவில் தோன்ற வழியில்லை. சாரல் மாதங்களில் கணக்கிட்டால் காலை ஏறத்தாழ 9 மணிக்கு முன்பும் மாலை மூன்றரை மணிக்குப் பின்புமே அதற்கு வாய்ப்பு உண்டு. உயரமான இடத்திலிருந்து கீழே தெறிக்கும் திவலையைப் பார்ப்பவருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அருவித் திவலையில் பொழுது ஏறிய பிறகும் வில் தெரிவது இதனால்தான்.

சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக மேகங்களைக் கொண்டுவருகிறது. மலைக்கு மேற்கே கேரளத்தில் கொட்டித் தீர்த்த மேகம் கிழக்கே மிச்சத் தூறலாக இறங்குகிறது. இதுவே சாரல். மலைமேல் தூறலும் சமவெளியில் வெயிலும் ஒரே நேரத்தில் இருப்பது இக்காலத்தின் தனிச்சிறப்பு, வானவில்லுக்கு வேண்டியதும் அதுவே. காலையில் தென்காசிப் பக்கத்து வயல்வெளியில் நிற்பவருக்குச் சூரியன் கிழக்கே முதுகுப்புறமும் தூறல் மேற்கே மலைமேலும் இருக்கும். வில் மலையை ஒட்டி நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வரும்போது இது மாறும். பிற்பகல் மழை விட்டு மேற்கே வெயில் எட்டிப் பார்த்தால் வில் கிழக்கு வானில் தோன்றும்.

இரண்டு வில்களின் நிறமும் ஒரேபோல் இராது. ஒன்று இரண்டு மில்லிமீட்டர் பருமனுள்ள பெருந்துளிகளில் நிறங்கள் அழுத்தமாகப் பிரியும், சிவப்பு நன்றாகத் தெரியும். சாரலின் பொடித்துளிகளில் வில் அகன்று நிறம் வெளிறும். துளி மிகச் சிறியதாகும்போது ஒளியின் அலைத்தன்மை தலைகாட்டுவதே காரணம். ஒவ்வொரு நிறப் பட்டையும் பரவி அடுத்ததன்மேல் படிகிறது. துளியின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே போனால், அதாவது மூடுபனியில் இருக்கும் அளவுக்கு, பட்டைகள் முழுவதும் கலந்து வெறும் வெள்ளை வில்லே மிஞ்சும். நிறங்கள் பிரிந்து, அதே வில்லுக்குள் மறுபடி கூடிவிட்ட நிலை அது.

முழுநிலவின் ஒளியிலும் வில் உண்டாகும். அதுவும் கண்ணுக்கு வெண்மையாகவே தெரியும், ஆனால் காரணம் முற்றிலும் வேறு. அங்கே நிறங்கள் பிரிந்தே இருக்கின்றன. அவ்வளவு மங்கிய ஒளியில் கண்ணின் நிறமறியும் கூம்புச் செல்கள் வேலை செய்வதில்லை என்பதால் பார்ப்பவருக்கு அவை எட்டுவதில்லை. அதே வில்லைப் புகைப்படக் கருவி நெடுநேரம் திறந்திருந்து பதிவுசெய்தால் படத்தில் நிறங்கள் வந்துவிடும்.

நியூட்டனுக்கு முன்னும் பின்னும்

வெள்ளொளி தூய்மையானது, தனியானது என்ற கருத்தே ஐரோப்பாவில் நெடுங்காலம் நிலவியது. நிறம் என்பது அந்தத் தூய ஒளி இருளோடு கலந்தோ, கண்ணாடி, நீர் போன்ற பொருள்களைக் கடந்தோ கெடுவதால் உண்டாகும் மாற்றம் என்று கருதினர். வானவில்லின் வடிவம் அதற்குள் விளங்கியிருந்தது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத்தின் கமாலுத்தீன் அல்-ஃபாரிசியும், செருமனியின் ஃபிரைபர்க் தியோடரிக்கும், ஒருவரையொருவர் அறியாமல், நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தைத் துளியாக வைத்து ஒளியின் பாதையைக் கண்டனர். 1637-இல் டேக்கார்ட் 42 பாகையைக் கணக்கிட்டுக் காட்டினார். வில் எங்கே நிற்கும் என்று தெரிந்துவிட்டது. அதில் நிறம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியவில்லை.

அதற்கு விடை தந்தவர் ஐசக் நியூட்டன். இருட்டறையில் சன்னல் கதவின் சிறு துளை வழியே வந்த வெயிலை முப்பட்டகக் கண்ணாடியில் செலுத்தி எதிர்ச் சுவரில் நிறமாலையை விழச் செய்தார். அதுவரை பலரும் செய்து பார்த்ததுதான் இது. அடுத்த படியே அவருடையது. நிறமாலையில் ஒரு நிறத்தை மட்டும் ஒரு துளை வழியே பிரித்தெடுத்து இரண்டாவது முப்பட்டகத்தில் விழச் செய்தார். கண்ணாடிதான் நிறத்தை உண்டாக்குகிறது என்றால் இரண்டாவது கண்ணாடியும் புதிய நிறங்களைத் தந்திருக்க வேண்டும். தரவில்லை. சிவப்பு சிவப்பாகவே வெளிவந்தது, ஊதா ஊதாவாகவே வந்தது, முதலில் அதிகம் வளைந்த நிறம் இரண்டாவதிலும் அதிகம் வளைந்தது. பிறகு வில்லை மூலம் எல்லா நிறங்களையும் ஓரிடத்தில் குவித்தபோது மீண்டும் வெள்ளொளி கிடைத்தது. 1672-இல் இதை இராயல் கழகத்துக்கு எழுதினார். பல ஆண்டுகள் எதிர்ப்புகளுக்கு விடை சொல்லிச் சலித்தபின், 1704-இல் ஒளியியல் நூலாக விரித்து வெளியிட்டார்.

இச்சோதனையின் எளிய வடிவத்தை வெயில் விழும் எந்த வீட்டிலும் செய்யலாம். ஒரு தாம்பாளத்தில் நீர் ஊற்றி, முகம் பார்க்கும் கண்ணாடியை நீருக்குள் பாதி மூழ்கச் சாய்த்து வைத்துக் காலை வெயில் அதில் படச் செய்தால், எதிரே நிழலான சுவரில் நிறமாலை விழும். நீர்ப்பரப்புக்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள ஆப்பு வடிவ நீரே முப்பட்டகமாகிறது. பெரிய உருப்பெருக்கியால் அந்த நிறங்களைக் குவித்தால் வெள்ளைப் புள்ளி தோன்றும். (கண்ணாடியில் தெரியும் சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது.) பள்ளிக் கண்காட்சிகளில் ஏழு நிறம் பூசிச் சுழற்றும் நியூட்டன் வட்டு இதைவிடப் புகழ்பெற்றது என்றாலும் சான்றாக இதைவிட வலுக் குறைந்தது. பூச்சுகள் ஒளியின் பெரும்பகுதியை விழுங்கிவிடுவதால் வட்டு சாம்பல் கலந்த வெளுப்பாகவே முடியும்.

ஏழு என்னும் கணக்கு

வானவில்லில் ஏழு நிறங்கள் என்பது இயற்கை வகுத்த எல்லை அன்று. நிறமாலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இடைவெளியின்றித் தொடர்வது. எங்கே பச்சை முடிந்து மஞ்சள் தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. நியூட்டனே முதலில் ஐந்து நிறங்களைக் குறித்துப் பின்னர் செம்மஞ்சளையும் கருநீலத்தையும் சேர்த்து, இசையின் ஏழு சுரங்களுக்கு இணையாக ஏழாக்கினார். நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவே தனியொரு கருநீலத்தைத் தேடித் தவிக்கும் மாணவர் தம் கண்ணைக் குறைசொல்ல வேண்டியதில்லை.

ஏழும் முழுக்கணக்கு அல்ல என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1800-இல் வில்லியம் எர்செல் நிறமாலையின் சிவப்புக்கு அப்பால், ஒளியே தெரியாத இடத்தில், வெப்பமானி ஏறுவதைக் கண்டு அகச்சிவப்பை அறிந்தார். அடுத்த ஆண்டே இரிட்டர் ஊதாவுக்கு அப்பால் புறஊதாவைக் கண்டார். 1814-இல் ஃபிரான்ஃகோபர் சூரிய நிறமாலையை நுணுக்கமாக விரித்துப் பார்த்தபோது அதில் நூற்றுக்கணக்கான மெல்லிய கருங்கோடுகள் இருந்தன. சூரியனின் வெளியடுக்கில் உள்ள தனிமங்கள் அந்தந்த அலைநீளத்தை உறிஞ்சிவிடுவதே காரணம். ஆக, பகல் வெள்ளொளியில் எல்லா நிறங்களும் குறைவில்லாமல் இருப்பதாகச் சொல்வதும் சற்றுத் தளர்ந்த பேச்சே. அந்தக் கோடுகளின் சிறு நகர்வை அளந்துதான் 1909-இல் கொடைக்கானல் ஆய்வகத்தில் சான் எவர்செட் சூரியப் புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார்.

பிரிந்த நிறம் மாறுமா?

பிரித்தெடுத்த நிறம் பிறகு மாறாது என்பது நியூட்டன் கண்ட முடிவின் அச்சாணி. விலகலையும் எதிரொளிப்பையும் பொறுத்தவரை அது இன்றும் சரி. ஒளிர்வு காட்டும் சில பொருள்கள் ஒரு நிறத்தை விழுங்கி வேறு நிறத்தை உமிழ்வது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. ஆனால் தெளிந்த சாதாரண நீர்மத்தில் சிதறும் ஒளியிலும் நிறம் மாறுவதைக் காட்டிய சோதனையில் பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் பிறந்த ஒருவருக்குப் பெரும்பங்கு உண்டு.

கே. எஸ். கிருஷ்ணன் 1898 திசம்பர் 4 அன்று வத்திராயிருப்புப் பகுதியில் பிறந்தார். இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ள அவ்வூர், 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாக்கப்படும் வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த திருவில்லிபுத்தூர் வட்டத்தில் இருந்தது. கல்கத்தாவில் சி. வி. இராமனோடு சேர்ந்து 1928-இன் தொடக்கத்தில் அவர் செய்த சோதனையின் அடிப்படை மிக எளியது. வெயிலைக் குவித்து ஊதா நிற வடிகட்டி வழியே ஊதாவை மட்டும் நீர்மத்துக்குள் அனுப்பினர். பக்கவாட்டில் சிதறி வரும் ஒளியை, ஊதாவை முழுவதும் தடுத்துப் பச்சைப் பக்கத்து ஒளியை மட்டும் விடும் இன்னொரு வடிகட்டி வழியே பார்த்தனர். நிறம் மாறாது என்றால் இரண்டாவது வடிகட்டிக்குப் பின்னால் முழு இருட்டு இருக்க வேண்டும். மெல்லிய ஒளித்தடம் தெரிந்தது. பல்வேறு நீர்மங்களில் மாற்றி மாற்றிப் பார்த்தும் அது மறையவில்லை.

பிப்ரவரி 28 அன்று நிறமாலைமானியில் பார்த்தபோது, மாறிய ஒளி மூல ஒளியிலிருந்து தெளிவாகப் பிரிந்து நின்றது. ஒளித்துகள் மூலக்கூறில் மோதும்போது தன் ஆற்றலில் சிறிதை அதன் அதிர்வுக்குக் கொடுத்துவிட்டால் நீண்ட அலைநீளத்தோடு, அதாவது சிவப்புப் பக்கமாக நகர்ந்து, வெளியேறுகிறது. இவ்வாறு மாறுவது ஒரு கோடித் துகள்களில் ஒன்று என்ற அளவிலேயே இருக்கும். இருவர் பெயரிலும் அமைந்த முதல் குறிப்பு 1928 மார்ச் 31 அன்று நேச்சர் இதழில் வந்தது. 1930-இன் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும் அளிக்கப்பட்டது, விளைவுக்கும் அவர் பெயரே நிலைத்தது. சூரிய ஒளியும் இரண்டு நிற வடிகட்டிகளும் கொண்டே இந்தக் கண்டுபிடிப்பின் முதல் படி நடந்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

மண்ணும் மலையும் வயலும்

வெள்ளொளியில் எல்லா நிறங்களும் இருப்பதால்தான் பொருள்களுக்கு நிறம் உண்டாகிறது. பொருள் நிறத்தைச் சேர்ப்பதில்லை, கழிக்கிறது. அம்பாசமுத்திரத்து நெல்வயலில் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிக்கொண்டு பச்சையை விட்டுவிடுகிறது. திருச்செந்தூருக்கு அருகே குதிரைமொழித் தேரியின் செம்மணலில் ஒவ்வொரு மணியும் உள்ளே வெளிறிய படிகக்கல்தான். மேலே படிந்த இரும்பு ஆக்சைடின் மெல்லிய பூச்சு நீலத்தையும் பச்சையையும் விழுங்குவதால் மேடுகள் முழுவதும் சிவந்து காண்கின்றன. ஆற்றின் பெயரிலுள்ள தாமிரமும், அதாவது செம்பும், நீலப் பக்கத்தைக் குறைவாகவே எதிரொளிப்பதால் சிவந்திருக்கும் உலோகம். (அப்பெயர் ஆற்றுக்கு வந்த காரணம் பலவாறாகச் சொல்லப்படுகிறது.)

பொதிகை தொலைவிலிருந்து நீலமாகத் தெரிவதில் கழித்தல் இல்லை, சிதறல் உண்டு. காற்றின் மூலக்கூறுகள் குறுகிய அலைகளை மிகுதியாகச் சிதறடிக்கின்றன. அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதமாக இது நடப்பதால் 450 நானோமீட்டர் நீலம் 650 நானோமீட்டர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறும். மலைக்கும் பார்ப்பவருக்கும் இடையிலுள்ள பல கிலோமீட்டர் காற்று அந்த நீலத்தை மலையின்மேல் திரையாக விரிக்கிறது. சூரியன் அடிவானத்தில் இருக்கையில் ஒளி நெடுந்தொலைவு காற்றைக் கடந்து வருவதால் நீலம் வழியிலேயே சிதறி, சிவப்பும் செம்மஞ்சளும் மிஞ்சுகின்றன. அந்நேரத்தில் வானவில் தோன்றினால் அதில் பச்சையும் நீலமும் ஏறக்குறைய இராது. உள்ளே வராத நிறத்தைத் துளியால் பிரித்துக் காட்ட முடியாது.

வெண்மை ஒன்றல்ல

துணிக்கடையில் புடவை எடுப்பவர் அதை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் விரித்துப் பார்ப்பது வெறும் வழக்கமல்ல, நல்ல சோதனை. கண்ணில் நிறமறியும் கூம்புச் செல்கள் மூவகை மட்டுமே. அம்மூன்றும் உரிய அளவில் தூண்டப்பட்டால் வெண்மை தோன்றும், ஒளியில் எந்தெந்த அலைகள் இருந்தன என்று கண்ணுக்குத் தெரியாது. கைப்பேசித் திரையின் வெண்மை சிவப்பு, பச்சை, நீலம் மூன்றால் மட்டும் ஆனது. வெள்ளை எல்.இ.டி. விளக்கு நீல ஒளியும் அதன்மேல் பூசிய மஞ்சள் ஒளிர்பொருளும் சேர்ந்தது. இவையெல்லாம் கண்ணுக்கு வெயிலைப் போன்றே வெளுத்திருந்தாலும் உள்ளடக்கம் வேறு. விளக்கில் குறைவாக உள்ள சிவப்பை அரக்குப் புடவை எதிரொளிக்க முடியாது. அதனால் கடையில் மங்கிய கரை வெயிலில் எடுத்துக் காட்டும். கடைக்குள் ஒரே நிறமாகத் தெரிந்த புடவையும் இரவிக்கைத் துணியும் வெளியே வந்ததும் வேறுபட்டுப் போவதும் இதனால்தான். பழைய சோடியம் தெருவிளக்கின் கீழ் நிலை இன்னும் மோசம். அதன் ஒளி பெரும்பாலும் மஞ்சளில் அடங்கியிருப்பதால் நீலப் புடவை கறுத்தே தெரியும்.

கிருஷ்ணாபுரத்தின் இரவு வானம்

இந்த வேறுபாட்டால் பணி பாதிக்கப்படும் இடம் ஒன்று திருநெல்வேலியிலேயே உண்டு. கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் நிலநடுக்கோட்டுப் புவி இயற்பியல் ஆய்வகம் இயங்குகிறது. புவியின் காந்த நடுக்கோடு அருகில் செல்வதால் இவ்விடம் தேர்வு பெற்றது. அங்கே செய்யப்படும் ஆய்வுகளுள் ஒன்று இரவு வானத்தின் சொந்த ஒளியைப் பதிவுசெய்வது. நிலவில்லாத இரவிலும் வானம் முழு இருட்டாக இருப்பதில்லை. பகலில் சூரிய ஆற்றலை வாங்கிய மேல்வளிமண்டல அணுக்களும் மூலக்கூறுகளும் இரவில் மெல்ல ஒளிர்கின்றன.

வெயிலைப் போல இது கலவை ஒளி அல்ல, தனித்தனிக் கோடுகள். ஆக்சிசன் அணு ஏறத்தாழ 97 கிலோமீட்டர் உயரத்தில் 557.7 நானோமீட்டர் பச்சையையும், 250 கிலோமீட்டர் அளவில் 630 நானோமீட்டர் சிவப்பையும் தருகிறது. 90 கிலோமீட்டரை ஒட்டிச் சோடியத்தின் 589 நானோமீட்டர் மஞ்சள் வருகிறது. ஒவ்வொரு நிறமும் ஓர் உயரத்தின் முகவரி என்பதால், வடிகட்டியை மாற்றினால் வேறொரு அடுக்கு படத்தில் விழும். சிவப்புப் படங்களில் வடக்கு தெற்காக நீண்ட கருவரிகள் கிழக்கு நோக்கி நகர்வது தெரிவதுண்டு. அயனி மண்டலத்தில் மின்துகள் குறைந்துபோன குமிழிகள் அவை. செயற்கைக்கோள் வழிகாட்டிச் சமிக்ஞைகள் தடுமாற அவையும் ஒரு காரணம் என்பதால் இந்த ஆய்வுக்கு நடைமுறைத் தேவையும் இருக்கிறது.

இங்கே வெள்ளொளிதான் இடையூறு. நிலவொளி சூரிய ஒளியின் எதிரொளிப்பு, எல்லா அலைநீளங்களும் அதில் உண்டு. ஆகவே பதிவுகள் நிலவில்லா இரவுகளைச் சார்ந்தே அமைகின்றன. ஊர் விளக்குகளில் பழைய சோடியம் விளக்கு 589-ஐச் சுற்றியே பெரும்பாலும் கெடுத்தது, 557.7-க்கும் 630-க்கும் அதனால் வந்த தொல்லை குறைவு. வெள்ளை எல்.இ.டி.யின் ஒளியோ நீலத்திலிருந்து சிவப்பு வரை தொடர்ந்து பரவியிருப்பதால் பச்சைக் கோட்டிலும் சிவப்புக் கோட்டிலும் சேர்ந்தே விழுகிறது. வடிகட்டி எவ்வளவு குறுகியதானாலும், அந்தக் கோட்டின் அலைநீளத்திலேயே வரும் விளக்கொளியை அது தடுக்காது.